பஸ்ஸில் மட்டும் மெதுவாக

பிலிமத்தலாவை நடராஜாவுக்குப் பெரிய ஆசைகள் என்று எதுவும் இருந்ததில்லை. கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரச் சீட், கடையில் சூடான பிளேன்டீ, அதோடு நக்கிக்கொள்ள உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, வேறு யாரும் பிரித்துக் கசக்காத பத்திரிகை. இவ்வளவு கிடைத்துவிட்டால் மனுஷன் அன்றைக்கு ராஜா. கிடைக்காத நாளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார். ஏன் என்று கேட்டால் நாட்டு நிலைமையைச் சொல்வார்.

நகரத்தில் முறைப்பாடுகளை வாங்கும் ஒரு அலுவலகத்தில் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எரியாத தெருவிளக்கு, அடைத்துக்கொண்ட தண்ணீர்க் கான், பக்கத்து வீட்டுப் பலாமரம் உதிர்க்கும் சருகு என்று ஊர்ச் சண்டையெல்லாம் முதலில் அவர் மேசைக்குத்தான் வரும். அங்கே அவர் சிங்களத்தில் பேச ஆரம்பித்தால் மாடிப்படி வரைக்கும் கேட்கும். அரசியல்வாதியின் ஆள் என்று அதட்டிக்கொண்டு வந்தவர்களை அதே குரலில் வரிசையில் நிற்க வைத்திருக்கிறார். வேலையை விட்ட பிறகும் பழக்கம் போகவில்லை. பஸ்ஸில் போகும்போது பகலில் எரிந்துகொண்டிருக்கும் விளக்குக் கம்பங்களைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்.

ஆனால் தமிழ் என்று வந்துவிட்டால் குரல் அப்படியே இறங்கிவிடும். வாசற்படி தாண்டினால் தமிழ் அவருக்கு வீட்டில் கட்டுகிற பழைய சாரம் மாதிரி. சுகமானதுதான், ஆனால் அதோடு தெருவில் இறங்க மாட்டார். பஸ்ஸில் தெரிந்தவர் யாராவது "என்ன நடராஜா அண்ணே, சொகமா?" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். அந்தத் தலையாட்டலுக்குச் சுகம் என்றும் அர்த்தம், பேசாதே என்றும் அர்த்தம்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்தவள் ஞானேஸ்வரி. புசல்லாவைக்காரி. அந்தப் பக்கத்து பஸ்ஸில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்சீட்டில் இருப்பவள் பின்சீட்டில் இருப்பவளிடம் கூப்பாடு போட்டுக் குழம்புக்கு என்ன வைத்தாய் என்று கேட்பாள், நடுவில் இருக்கிறவர்கள் எல்லோரும் பதில் சொல்வார்கள். அங்கே வளர்ந்தவள் வாயை மூடிக்கொண்டு எப்படி உட்காருவாள்? கல்யாணமாகி முதல் முதலாகக் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, கெட்டம்பே வருவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்துவிட்டார்கள்.

"இங்க பாருங்க, அந்தப் போஸ்டர்ல இருக்கிற ஆளு போன தடவையும் இதே சிரிப்புத்தான் சிரிச்சாரு. சட்டையாவது மாத்தக் கூடாதா?"

"மெதுவா."

"என்னங்க மெதுவா? நாம என்ன களவெடுத்துட்டா போறோம்?"

"மெதுவா பேசு ஞானம். வீட்டுக்குப் போய்ச் சொல்லு."

அவர் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எண்பத்து மூன்றாம் வருஷம் ஜூலை மாதத்தில் அவர் இதே வழியில் இதே மாதிரி ஒரு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். தடிகளோடு ஏறியவர்கள் ஒவ்வொரு சீட்டாக நின்று ஆட்களைப் பேசச் சொன்னார்கள். பேச்சை வைத்துத்தான் யார் எவர் என்று பிரித்தார்கள். பக்கத்தில் இருந்த வயதான சிங்களப் பெண் ஒருத்தி தன் காய்கறிப் பையைத் தூக்கி அவர் மடியில் வைத்து, "மகே புத்தா" என்றாள். என் மகன், காய்ச்சல்காரன், அவனைத் தொந்தரவு பண்ணாதீர்கள் என்றாள். அவர்கள் அடுத்த சீட்டுக்குப் போனார்கள். இரண்டு சீட்டுக்குப் பின்னால் இருந்த ஒருவரை இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். அந்த மனிதரின் தமிழ்க் குரல் வெளியே கொஞ்ச நேரம் கேட்டது. நடராஜா அதைப் பற்றி ஞானேஸ்வரியிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதற்குப் பிறகு அவள் "களவெடுத்துட்டா போறோம்" என்று பேசவில்லை.

பேசவில்லையே தவிர, வாய் சும்மா இருக்குமா? பழகிக்கொள்ள அவளுக்குச் சில வருஷம் பிடித்தது. மகள் நிரோஷினி பிறந்த பிறகு சிக்கல் இரட்டிப்பானது. பஸ்ஸில் "அப்பா" என்று கத்தக் கூடாது, சிங்களப் பிள்ளைகள் அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி "தாத்தா" என்று கூப்பிடு என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரு நாள் பின்சீட்டில் இருந்த ஒரு தமிழ் அம்மா, முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டிய நடராஜாவை மேலும் கீழும் பார்த்து, "பேத்தியா ஐயா? இந்த வயசுலயே கொடுத்து வச்சிருக்கீங்க" என்றாள். ஞானேஸ்வரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வீடு வரும்வரை குலுங்கினாள். சத்தமில்லாமல் சிரிக்கவும் அன்றோடு கற்றுக்கொண்டாள்.

அதன் பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமைகளில் இருவரும் கண்டிக்குப் போவார்கள். பிள்ளையார் கோயில், பிறகு ஒரு கடையில் மூலை மேசையில் உளுந்து வடையும் பிளேன்டீயும், பிறகு மார்க்கெட். போகும்போது ஜன்னலோரம் அவளுக்கு, வரும்போது அவருக்கு என்பது ஒப்பந்தம். வழியெல்லாம் அவள் வாயைத் திறக்க மாட்டாள், கண் மட்டும் ஓடும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் ஆரம்பிப்பாள். பேராதனைப் பூங்கா வாசலில் வெள்ளைக்காரன் ஒருவன் விலை பேசத் தெரியாமல் முழித்தது, நடைபாதையை அடைத்து நிற்கிற ஜீப்பின் மேல் காக்கை செய்த நீதி, கண்டக்டர் யாருக்கு மிச்சக் காசு கொடுக்கிறான் யாருக்குக் கொடுக்கவில்லை, நகரசபைக்காரர்கள் தோண்டிய குழியை மூட வேறு சபைக்காரர்கள் வந்து பக்கத்தில் இன்னொன்று தோண்டியது. நடித்துக் காட்டுவாள். நடராஜா கதிரையில் சாய்ந்துகொண்டு, "நீ இல்லாததையும் சேர்த்துச் சொல்றே" என்பார். அவரும் அதே பஸ்ஸில்தான் வந்தார், அவர் கண்ணில் ஒன்றும் பட்டிருக்காது. பிளேன்டீயும் பத்திரிகையும் இருக்கட்டும், அவர் வாழ்க்கையில் அனுபவித்த பெரிய சுகம் அந்த ஒரு மணி நேரம்தான். அதை அவளிடம் அவர் சொன்னதே இல்லை. அது என்னவோ நம்ம ஆட்களுக்கு வாயில் வருவதில்லை.

காலம் மாறியதை அவர் கவனிக்கவில்லை என்பதுதான் விஷயம். சண்டை முடிந்தது, சோதனைச் சாவடிகள் போயின, பஸ்ஸில் பாட்டுப் பெட்டி வந்தது, அதற்குப் பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. நடராஜா மட்டும் மெதுவாகவே இருந்தார்.

போன வருஷம் தை மாதத்து வெள்ளி ஒன்றில் அவர்கள் கண்டியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். பஸ் நெரிசல். ஜன்னலோரம் அன்று அவருடையது. கெட்டம்பே தாண்டும்போது ஞானேஸ்வரி அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க… இங்க பாருங்க, எனக்கு…"

குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்திருந்தது. முன்னால் நின்றவர் திரும்பினார்.

"மெதுவா. வீட்டுக்குப் போய்ச் சொல்லு," என்றார் நடராஜா.

அவள் உடனே நிறுத்திக்கொண்டாள். பேராதனைப் பாலம் வந்தது, கிரிபத்கும்புர வந்தது. பிலிமத்தலாவையில் இறங்கும்போது அவளால் எழுந்திருக்க முடியவில்லை. வலது கை தொங்கியது, வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஓட்டோவில் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் ஊன்ற ஆரம்பித்தது. பேச்சு மட்டும் ஒரு சொல் மிச்சமில்லாமல் போயிருந்தது.

அன்றைக்கு அவள் என்ன சொல்ல வந்தாள்? நடராஜாவுக்கு இதைத் தவிர வேறு நினைப்பு இல்லாமல் போயிற்று. ரோட்டில் எதையோ பார்த்துத்தான் கூப்பிட்டிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். ஆனால் ஜன்னலோரம் அவர் அல்லவா இருந்தார்? நெரிசலில் நின்றவர்களின் இடுப்பைத் தவிர அவளுக்கு என்ன தெரிந்திருக்கும்? அப்படியானால் கை மரத்துப்போகிறது என்றுதான் சொல்ல வந்தாளா? ஆஸ்பத்திரியைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தானே வந்திருந்தார்கள், அப்போதே இறங்கியிருக்கலாமே? அவள் வாயிலிருந்து கேட்டால்தான் அவருக்கு நெஞ்சு ஆறும். இல்லை, வேறு ஏதோ அற்ப விஷயம்தான் என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்று ஏங்கினார்.

பேச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் சஞ்சீவனி என்று ஒரு சிங்களப் பெண் இருந்தாள். சின்ன வயசு, சிரித்த முகம். படங்கள் வரைந்த அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, அதற்குத் தமிழில் என்ன என்று நடராஜாவிடம் கேட்டு, தானும் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லி, ஞானேஸ்வரியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். குடை. சீப்பு. கோப்பை. ஞானேஸ்வரி அட்டையைப் பார்ப்பாள், வாயைத் திறப்பாள், தொண்டை அசையும், பிறகு கண் கலங்கி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முதல் சில மாதங்களில் வருவதுதான் வரும், பிறகு கஷ்டம் என்று சஞ்சீவனி மறைக்காமல் சொல்லியிருந்தாள். அந்த மாதங்கள் போய்க்கொண்டிருந்தன.

ஒரு நாள் வாழைப்பழ அட்டையைக் காட்டியபோது ஞானேஸ்வரி வாயைத் திறந்து, தெளிவாக, "மெதுவா" என்றாள்.

சஞ்சீவனி துள்ளி எழுந்து கை தட்டினாள். வாழைப்பழத்துக்கு அதுதான் பெயரா என்று கேட்டாள். இல்லை என்றார் நடராஜா. என்ன அர்த்தம்? அவர் கொஞ்சம் தயங்கி, "ஹெமிங்" என்று சிங்களத்தில் சொன்னார்.

"நல்ல சொல்தானே, நாமும் அவசரப்படாமல் போவோம்," என்று சிரித்தாள் அவள். "வீட்டில் அடிக்கடி சொல்வார்களா?"

"அவ சொல்றதில்ல. நான்தான் சொல்லுவேன்."

வாழ்க்கையில் அதிகம் காதில் விழுந்த சொல் சிலருக்கு அப்படித்தான் முதலில் வரும் என்று சஞ்சீவனி ஆறுதலாக விளக்கினாள். பாவம், ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னாள். நடராஜா அன்று பகல் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். தண்ணீர் வேண்டுமென்றால் மெதுவா. சோறு போதும் என்றால் மெதுவா. கால் வலித்தாலும் மெதுவா. கொழும்பில் வேலை பார்க்கும் நிரோஷினி போனில் முகம் காட்டியபோது, அவள் முகத்தைப் பார்த்து மெதுவா மெதுவா என்று கொஞ்சினாள். நிரோஷினி முதலில் சிரித்தாள். "ஏம்பா, அம்மாவுக்கு ஒங்க வியாதி தொத்திக்கிச்சா?" என்றாள். அடுத்த நொடியே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். கவிழ்ந்த போனிலிருந்து அவள் அழுகிற சத்தம் கேட்டது.

சஞ்சீவனி ஒரு யோசனை சொன்னாள். அட்டையெல்லாம் சரிதான், ஆனால் அவங்களோடு பேசுங்க ஐயா. வீட்டிலும் பேசுங்க, வழியிலும் பேசுங்க. அவங்களுக்கு எதுவெல்லாம் பிடிக்குமோ அதைக் காட்டிக் காட்டி, அவங்க பாஷையிலேயே, நல்ல சத்தமாகப் பேசுங்க. காதில் விழ விழத்தான் நாக்குக்கு வரும்.

வீட்டில் பேச உட்கார்ந்தபோதுதான் நடராஜாவுக்குத் தன் கையிருப்பு தெரிந்தது. சொல்ல ஒன்றுமே இல்லை. அன்று மழை பெய்தது என்றார். பருப்பு விலை என்றார். அதற்கு மேல் நகரவில்லை. இத்தனை வருஷம் ஊரைப் பார்த்ததெல்லாம் அவள் கண்ணால்தானே? அப்புறம் கடைக்குப் போகும்போதெல்லாம் எதையாவது பார்த்துக்கொண்டு வர முயன்றார். எதிர்வீட்டுப் பூனை பேக்கரி வாசலிலும் இன்னொரு குடித்தனம் நடத்துகிறது என்று ஒரு நாள் கண்டுபிடித்துக்கொண்டு ஓடி வந்தார். ஞானேஸ்வரி கதையைக் கேட்டு ஒரு பக்க உதட்டால் சிரித்தாள். அவருக்குச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். அடுத்த வெள்ளி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பஸ்ஸிலேயே பேசிவிடுவது என்று முடிவெடுத்தார். அவள் கதையெல்லாம் பிறந்த இடம் அதுதானே? அங்கே வைத்துக் கேட்டால் அன்று சொல்ல வந்ததும் வந்துவிடும் என்று எப்படியோ அவர் மனதில் பதிந்துவிட்டது.

வெள்ளி காலையில் பஸ்ஸில் கூட்டம் இல்லை. அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, அவளுடைய வலப் பக்கம் சாய்ந்துவிடாமல் ஒட்டி உட்கார்ந்தார். பஸ் நகர்ந்தது. அறுபது கடந்த மனுஷன், எத்தனை பெரிய ஆட்களை வரிசையில் நிற்க வைத்தவர், சொந்தப் பாஷையில் பெண்சாதியோடு நாலு வார்த்தை பேச பஸ்ஸில் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அப்போதுதான் பின்சீட்டுச் சத்தம் காதில் விழுந்தது. இரண்டு பெண் பிள்ளைகள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, வகுப்புக்கு யார் வந்தது யார் வரவில்லை என்று தமிழில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். யாரும் திரும்பவில்லை. முன்னால் இருந்த சிங்கள மாத்தயா கொட்டாவி விட்டார். இந்தப் பிள்ளைகள் இன்றைக்கா இப்படிப் பேச ஆரம்பித்திருப்பார்கள்? எவ்வளவு காலமாக இது இப்படி இருக்கிறது?

கிரிபத்கும்புர தாண்டியதும் ஆரம்பித்தார்.

"ஞானம், அங்க பாரு! தேர்தல் முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு, ஒன் சிரிப்பு மாத்தயா இன்னும் செவுத்துல தொங்குறாரு. பாதி முகத்தை மழை தின்னுருச்சு, சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கு!"

தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. ஆனாலும் நன்றாக இருந்தது. ஞானேஸ்வரி திடுக்கிட்டுத் திரும்பினாள். பார்க்கிறாள், கேட்கிறாள் என்று அவருக்கு உற்சாகம் பிறந்தது. இன்னும் குரலை உயர்த்தினார். பேராதனைப் பூங்காவுக்கு முன்னால் குடை விற்பவன் வெயிலுக்குத் தன் தலையில் பத்திரிகையைப் போட்டுக்கொண்டு நிற்பதைச் சொன்னார். பட்டப்பகலில் எரிகிற விளக்குக் கம்பத்தைக் காட்டி, "நான் ரிடையராகி அஞ்சாறு வருஷமாச்சு, இது இன்னும் அணையல!" என்று சிரித்தார். பாலம் தாண்டியது. கெட்டம்பே நெருங்கியது. அவர் அவள் பக்கம் நன்றாகத் திரும்பி, அதே உரத்த குரலில் கேட்டார்.

"ஞானம், அன்னிக்கு இந்த எடத்துலதான் என்னைக் கூப்பிட்ட. என்ன சொல்ல வந்த? இப்ப சொல்லும்மா. எவ்வளவு சத்தமா வேணும்னாலும் சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் வாய் திறந்தது. தொண்டை அசைந்தது. கண்கள் மட்டும் அவரிடம் இல்லை. முன்னால் இருந்தவரைப் பார்த்தன, படிக்கட்டில் நின்ற கண்டக்டரைப் பார்த்தன, அடுத்த ஹோல்டில் ஏறக் காத்திருந்த ஆட்களைப் பார்த்தன. அவள் தன் நல்ல கையை, இடக்கையை, அவசரமாகத் தூக்கி அவர் வாயை இறுக்கிப் பொத்தினாள்.

அவர் விலக்கப் பார்த்தார். விடவில்லை. ஒரு கோப்பையைப் பிடிக்கவே இன்னும் பழகாத அந்தக் கைக்கு எங்கிருந்து இவ்வளவு பலம் வந்ததோ! அவளுடைய உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. புசல்லாவை பஸ்ஸில் கூப்பாடு போட்டு வளர்ந்தவளுக்கு இந்தப் பயம் பிறப்பிலேயே வந்தது அல்ல. நடராஜா கொடுத்தது. ஊரும் பெயரும் மகளின் பெயரும் நாக்கை விட்டுப் போன பிறகும், அவர் கொடுத்த பயத்தை மட்டும் அவள் பத்திரமாக வைத்திருந்தாள். இப்போது அவரைக் காப்பாற்றுகிறாள்.

பின்சீட்டுப் பெண்கள் எதற்கோ வெடித்துச் சிரித்தார்கள். ஞானேஸ்வரி இன்னும் வெருண்டு, பொத்திய கையை எடுக்காமலே தன் தோளைச் சாய்த்து அவர் முகத்தை மறைத்துக்கொண்டாள். கேட்டதற்குப் பதில் இனி வராது என்று நடராஜாவுக்கு அங்கே வைத்துத் தெரிந்துபோயிற்று. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சத்தம் வெளியே வந்தால் அவள் இன்னும் பயப்படுவாள் என்று விழுங்கினார். சரி, பேச மாட்டேன் என்று அவள் உள்ளங்கைக்குள்ளேயே தலையை ஆட்டினார். கண்டி வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை.